விசில் ஊதும்வரை கீழே பார்க்காதே

ஒன்பது வருடம் பந்தாடினேன். அந்த ஒன்பது வருடத்தில் பந்து ஒரு நாளும் என் கையில் இருந்ததில்லை. இதைச் சொன்னால் எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "அங்கிள், அப்ப என்னத்தைத்தான் விளையாடினீங்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது இங்கே, இத்தாலியின் பலெர்மோவில் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடுகிறார்கள். எங்கள் பழைய பயிற்சியாளரின் அடக்கத்துக்கு வந்தவர்கள், இதையெல்லாம் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். நான் மனிதர்களைத் தூக்கியும் கிடத்தியும் பிழைத்தவன், பேனா பிடித்தவன் இல்லை. ஆனால் அதே அடக்கத்தில் இன்னொருவர் என்னிடம் ஒரு விசயம் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். இது நாங்கள் காலால் உதைக்கிற பந்தாட்டம் இல்லை. பந்து மாங்காய் மாதிரி நீண்டிருக்கும். ஒருவன் அதை வாங்கிக் கையால் வீசுவான். அவன் வீசி முடிப்பதற்குள் எதிரணி ஆட்கள் அவனைச் சாய்த்துவிடப் பார்ப்பார்கள். அவர்களை மறிக்க அவனுக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்க வேண்டும். அந்த ஐந்தில் நான் ஒருவன். ஒவ்வொரு வீச்சும் முடிய நடுவர் விசில் ஊதுவார், எல்லோரும் இடத்துக்குத் திரும்பி மறுபடி தொடங்குவோம். அமெரிக்காவில் இந்த வேலைக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் என்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஊர் ஊராகப் போக ஒரு பஸ்ஸும், ஆட்டம் முடிய ஒரு துண்டு பாணும், அதற்குள் பன்றி இறைச்சியும். இறைச்சியை நான் ராசனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ராசன் எனக்கு மச்சான் முறை. அல்பெர்கேரியாப் பகுதியில் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோம். எனக்குக் கொஞ்சம் முந்தி வந்தவன் என்பதால் பலெர்மோவைத் தானே கட்டி முடித்தவன் போலக் கதைப்பான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வந்து இறங்கியதும், லிபெர்த்தா வீதியில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலை எடுத்துத் தந்தவனும் அவன்தான். வழக்கறிஞரின் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். கனத்த மனிதர். அவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுவது என் வேலை. ஒரு தாதி வந்து முறையைக் காட்டித் தந்தாள். முழங்காலை மடக்கு, இடுப்பைத் தாழ்த்து, முதுகை நிமிர்த்து, கையை அவருடைய கக்கத்துக்குள் கொடு. கழுத்தை மட்டும் சும்மா ஆடவிடாதே.

எனக்கு உடம்பு பனங்குற்றி மாதிரி. ஒரு நாள் நான் தகப்பனாரைத் தூக்குவதை வாசலில் நின்று பார்த்த வழக்கறிஞர், "பரமு, பின்னேரத்திலை உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அவர் அந்த அணியின் தலைவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. பின்னேரமும் ஒரு கிழவரைத் தூக்கவேண்டி வருமாக்கும் என்று நினைத்து, "ஒரு வேலையும் இல்லை" என்றேன்.

அடுத்த கிழமை ஒரேத்தோ ஆற்றுப் பக்கத்து மைதானம் ஒன்றில் மிஸ்டருக்கு முன்னால் நின்றேன். இத்தாலியில் பயிற்சியாளரை எல்லோரும் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மிஸ்டர் உண்மையான அமெரிக்கர். அங்கே தொழில்முறையாக ஏழு பருவம் ஆடியவர், அதுவும் என்னைப் போலச் சுவரில் நின்றவர். பலெர்மோக்காரி ஒருத்தியைக் கட்டி இங்கே வந்து சேர்ந்திருந்தார். கதவளவு தோள். விரல்கள் பக்கத்துக்கு ஒன்றாக வளைந்திருக்கும். முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. படி இறங்கும்போது நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்குவார். அவர் பேசுவது பாதி இத்தாலியன், பாதி சிசிலியன். நான் இங்கே எழுதுவது அது என் காதில் விழுந்த தமிழ்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு போட்டுக்கொள்வார். அவர் தொப்பியைக் கழற்றினால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் புல்லைப் பார்ப்பார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விழுந்தேன், எழும்பினேன், பிறகு கொஞ்சம் குறைவாக விழுந்தேன். தாதி காட்டிய அதே முறைதான் இங்கேயும்: முழங்கால் மடிய வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், கை எதிராளியின் நெஞ்சுக்குள் போக வேண்டும். கிழவரை விழாமல் பிடிப்பேன், இவனைப் போகாமல் பிடிப்பேன். மிஸ்டர் இதைக் கேட்டுவிட்டு, "கிழவர்தான் உன்ரை முதல் பயிற்சியாளர்" என்றார்.

சிக்கல் முதல் ஆட்டத்தில் வந்தது. எனக்கு எதிரே நின்றவன் சறுக்கி விழுந்தான். என் சப்பாத்து அவன் தொடையில் பட்டுவிட்டது. நான் குனிந்து, அவன் தொடையைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. கால் பட்டால் கை தானாகப் போகும். நான் நிமிர்வதற்குள் அவர்களுடைய இன்னொருவன் என்னைத் தாண்டிப்போய், எங்கள் வீசுகிறவனைத் தரையோடு சேர்த்துவிட்டான். நடுவர் பிழை என்று மஞ்சள் துணியையும் எறிந்தார். விழுந்தவனை நான் கேலி செய்கிறேனாம். பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மிஸ்டர் தொப்பியைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போட்டார். இடைவேளையில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அது என்ன?"

"கால் பட்டுட்டுது, மிஸ்டர். தொட்டுக் கும்பிட வேணும்."

"உங்கடை சமயமோ?"

"இல்லை. மன்னார்க் கத்தோலிக்க ஆக்களும் செய்வினம். ஆள் எண்டாலும் புத்தகம் எண்டாலும் கால் படக்கூடாது. பட்டால் தொட வேணும்."

"அதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"கண்மூடித் திறக்கிற நேரம்தான்."

"எங்கடை வேலை முழுக்க அந்த நேரத்துக்குள்ளைதான் இருக்கு" என்றார்.

அடுத்த பயிற்சி நாளில் மிஸ்டர் சிரமப்பட்டுப் புல்லில் மல்லாக்கப் படுத்தார். "என்னை மிதிச்சுக்கொண்டு போ. கீழை பாராதை. முன்னுக்கு நிற்கிறவனை மறி" என்றார். நான் சுற்றிக்கொண்டு போனேன். "சுத்தாதை" என்றார். தாண்டினேன். "தாண்டாதை" என்றார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அவர் கையில் ஒரு மிதி மிதித்தேன். அடுத்த நொடி குனிந்து தொட்டுவிட்டேன். படுத்தபடியே தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்.

அறைக்கு வந்து ராசனிடம் சொன்னேன். அவன் கட்டிலில் உருண்டு சிரித்தான். "அட விசரா! வெள்ளைக்காரன் தானாப் படுத்து மிதி மிதி எண்டிறான், உனக்கு ஏலாதோ? எங்கடை பாட்டன்மார் ஏங்கிச் செத்த வேலையடா அது!"

பல கிழமைகள் மிஸ்டர் படுத்தார், நான் மிதித்தேன், தொட்டேன். ஒரு நாள் எழும்பி உட்கார்ந்து, "சரி, இப்பிடிச் செய்வம்" என்றார். "விசில் ஊதும்வரை கீழை பாராதை. ஆரை மிதிச்சனி எண்டு மனசிலை வைச்சிரு. விசில் ஊதினாப் பிறகு போய் அவனைத் தொடு, கும்பிடு, என்னவெண்டாலும் செய். விசிலுக்கு முன்னாலை நீ என்ரை ஆள். பின்னாலை உன்ரை ஆள்."

அது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு முறை விசில் ஊதியதும், மிதிபட்டவனைத் தேடிப்போய்த் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு என் இடத்துக்கு வருவேன். நடுவர்கள் பழகிவிட்டார்கள். எதிரணிக்காரர்களும் பழகிவிட்டார்கள். சிலர் மிதிபட்ட காலை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். மெசினாவில் ஒருவன், நான் மிதிக்காமலே மிதித்ததாகச் சொல்லி இரண்டு முறை தொடவைத்தான். பகிடிக்காரன்.

மிஸ்டர் தன் காலத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார். சுவரில் நிற்பவனைத் தொலைக்காட்சி காட்டாது, கமரா பந்துக்குப் பின்னால் போய்விடும் என்றார். அவருடைய தாய் ஏழு பருவமும் பார்த்துவிட்டு, "நீ எந்த இடத்திலை நிண்டனி மகனே?" என்று கேட்டாராம். ஒரு காலை, ஆட்டமுறைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வரச்சொன்னார்களாம். புத்தகத்தோடு வரச்சொன்னால் அன்றோடு வேலை முடிந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியுமாம். "அந்த ஏழு பருவத்திலையும் விசிலுக்கு முன்னாலை நான் கீழை பார்த்ததே இல்லை" என்று சொன்னார். அதைப் பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெருமை என்றே எடுத்துக்கொண்டேன்.

இனி கத்தானியா ஆட்டம். அந்த வருடம் வழக்கறிஞரின் தகப்பனார் காலமாகிவிட்டார். அவரோடு என் வேலையும் போயிற்று. பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதி, முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் அதைப் புதுப்பிக்கமாட்டார்கள். புதுப்பித்தால்தான் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருக்கிற என் மனைவி வசந்தியைக் கூப்பிடலாம். "எப்பவாம்?" என்று மட்டும்தான் அவள் தொலைபேசியில் கேட்பாள். வேறு ஒன்றும் கேட்பதை விட்டுவிட்டாள். வழக்கறிஞர் நல்ல மனிதர். கத்தானியாவை வென்று மேல்பிரிவுக்குப் போனால் பணம் போட ஒருவர் தயாராக இருக்கிறார், அப்போது உன்னை மைதானக் காவலாளாக எழுதி ஒப்பந்தம் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஆட்டத்தில் நான் மறித்தது எங்கள் வீசுகிறவனுக்காக மட்டுமில்லை.

கடைசிக் கட்டம் வரை நாங்கள் முன்னால் இருந்தோம். எனக்கு எதிரே நின்றவன் பெயர் சல்வோ. ஒரு வீச்சின்போது இரண்டு ஆட்கள் மேலே விழ, அவன் தலைகீழாகப் போய்ப் புல்லில் குத்துண்டான். நான் அடுத்தவனை மறிக்கக் காலை எடுத்து வைத்தேன். என் கால் சல்வோவின் கையில் ஏறியது. இதை நான் சரியாகச் சொல்ல வேண்டும். மிதிபட்ட கை இழுபடும். எவ்வளவு அடிபட்டிருந்தாலும் தானாக இழுபடும். ஒன்பது வருடத்தில் எத்தனையோ கைகளையும் கால்களையும் மிதித்தவன் நான். இந்தக் கை இழுபடவில்லை.

விசில் ஊதவில்லை. நான் கீழே பார்த்தேன்.

சல்வோவின் கண் திறந்திருந்தது. "உடம்பு எங்கை? உடம்பைக் காணேல்லை" என்றான். ஓடிப்போன ஆட்டம் திரும்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு பேர் இவன்மேல் விழுந்தால் கழுத்து என்னாகும்? முழங்காலில் விழுந்து, அவனுக்கு மேலே மேசை மாதிரிக் கவிந்து நின்று, தலைக்கவசத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தேன். யாரோ என் முதுகில் வந்து விழுந்தார்கள். விலா எலும்பு ஒன்று முறிந்தது பிறகுதான் தெரிந்தது. நான் விட்டுவிட்ட ஆள் நேரே போய் எங்கள் வீசுகிறவனை அடித்தான். பந்து கீழே விழ, அவர்கள் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆட்டம் போயிற்று.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் சல்வோவின் கண்ணும், சுற்றி நின்ற சப்பாத்துகளும்தான். மிஸ்டரின் பழுப்புச் சப்பாத்து வந்து நின்றது. "பிடிச்சுக்கொண்டிரு" என்றார். ஒரே சொல். வைத்தியர் வந்தும் அதையே சொன்னார். பலகையில் கட்டி அம்புலன்சில் ஏற்றும்வரை நான் கையை எடுக்கவில்லை.

பஸ்ஸில் எவரும் என்னோடு கதைக்கவில்லை. பின் சீட்டில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "அவன் அவங்கடை ஆள்தானே" என்றான். "மிஸ்டர் நடு மைதானத்திலை தொப்பியைக் கழட்டினதைப் பார்த்தனியோ?" என்று இன்னொருவன் கேட்டான். நான் பார்க்கவில்லை. ஆனால் அது எதற்கென்று எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மிஸ்டர் முன்னால் உட்கார்ந்து பலெர்மோ வரை திரும்பவேயில்லை.

வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டு, "பணம் போட இருந்தவர் விலகிட்டார், பரமு. நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. வசந்தி தொலைபேசியில் "எப்பவாம்?" என்றாள். "பாப்பம்" என்றேன். வைத்துவிட்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ராசன் பகிடியை விட்டுவிட்டான். "சாகக் கிடந்தவனைப் பிடிச்சனி. அதுக்கு மேலை என்னடா?" என்றான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல, பலெர்மோவின் காவல் புனிதையான சாந்த ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினோம். பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி, அவளுக்கு ஒரு நேர்த்தி. சல்வோவுக்குக் காலில் உணர்ச்சி வந்துவிட்டது என்று கொஞ்ச நாளில் செய்தி வந்தது. பெர்மெஸ்ஸோ பற்றி ஒன்றும் வரவில்லை.

பிறகு ஒரு நாள் மிஸ்டர் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். நான்கு மாடி. பக்கவாட்டில் ஏறி வந்து, மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"என்ரை மாமனார் விழுந்திட்டார். தூக்கி எடுக்க ஆள் வேணும். ஒப்பந்தம் எழுதி குவெஸ்தூராவுக்குக் கொண்டுவாறன். வருவியோ?"

"ஓம், மிஸ்டர்."

வேலைக்குப் போன முதல் நாள், மாமனார் சமையலறையில் நின்று கூனைப்பூ உரித்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் ஓடி வந்து எனக்குக் கதவு திறந்தவரும் அவரே. விழுந்தது யார் என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. மிஸ்டரால் குனிந்து கால்மேசு போட முடியாது. வளைந்த விரலால் சட்டைத் தெறி பூட்ட முடியாது. குளியல் தொட்டியிலிருந்து ஏற முடியாமல் மனைவி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். அதைச் சொல்ல அந்தப் பெரிய உடம்புக்கு வாய் வரவில்லை, அதனால் மாமனாரை விழுத்திவிட்டார். நானும் தெரியாதவன் போல, மாமனாருக்குத் தினமும் சுகம் விசாரித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

பெர்மெஸ்ஸோ கிடைத்தது. வசந்தி வந்தாள். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, சிசிலியன் ராகத்தில் இத்தாலியன் பேசி எங்களைத் திருத்துகிறார்கள். நான் ஓய்வுபெறும்வரை அந்த வீட்டில்தான் வேலை. காலையில் முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி மிஸ்டரை எழுப்புவேன். முறை கொஞ்சம் பிசகினால், "இடுப்பு உயருது" என்பார். தன்னைத் தூக்குகிறவனுக்கும் பயிற்சியாளராகவே இருந்தார்.

கத்தானியாவைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஒரு முறை சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருக்கும்போது நானே கேட்டேன்.

"மிஸ்டர், அண்டைக்கு நான் செய்தது சரியோ?"

சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விசில் ஊதேல்லை" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது சுட்டது. எனக்குச் சோறு போட்டவர், வசந்தியைக் கொண்டுவரக் கையெழுத்துப் போட்டவர். ஆனாலும் அந்த ஒன்றை மட்டும் மன்னிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். பிறகு நான் கேட்கவில்லை.

அடக்கத்துக்குச் சல்வோ கத்தானியாவிலிருந்து வந்திருந்தார். தலை நரைத்து, ஊன்றுகோலோடு நடக்கிறார். தேவாலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பழைய கதை கதைத்தோம். திடீரென்று, "உங்கடை மிஸ்டர் அண்டைக்கு எனக்குக் கடைசி ஆசீர்வாதம் செய்தவர், தெரியுமோ?" என்றார்.

"என்ன ஆசீர்வாதம்?"

"நான் மல்லாக்கக் கிடந்தன். கண் மட்டும்தான் அசையும். நீ என்ரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிஞ்சிராது. மிஸ்டர் நொண்டி நொண்டி ஓடி வந்தவர். ஓடின வேகத்திலை அவற்றை கால் உன்ரை காலிலை தட்டுப்பட்டுது. நிண்டார். தொப்பியைக் கழட்டினார். அந்த முழங்காலோடை மெல்ல மெல்லக் குனிஞ்சு, உன்ரை காலைத் தொட்டு, கையைத் தன்ரை கண்ணிலை வைச்சார். எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. செத்தவனுக்குச் செய்யிற ஏதோ எண்டு நினைச்சன். சரி, நான் செத்துப்போனன் எண்டு முடிவெடுத்திட்டன்." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "எந்தக் கையாலை?" என்று கேட்டேன். அப்படி ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

சல்வோ யோசித்தார். "இடக்கை. வலக்கையிலை தொப்பி இருந்தது."

இடக்கையால் செய்யக்கூடாது. அத்தனை வருடமும் தினமும் காலையில் அவருடைய காலடியில் குந்தியிருந்து சப்பாத்துக் கட்டிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எந்தக் கை என்று காட்டித் தந்திருப்பேன்.